அட்சரேகையும் அடங்காச் செடியும்

ஒரு செடி பிறந்த மண்ணில் அடக்கமாய் வளர்கிறது; புகுந்த மண்ணில் அடங்காமல் பரவுகிறது. இதற்குக் காரணம் யாது? புதிய மண் வளமானது என்பர் சிலர். புதிய இடத்தில் அதனைத் தின்னும் பூச்சி இல்லை என்பர் வேறு சிலர். குடிபெயர்ந்த பின் அச்செடியே வலுத்துவிட்டது என்பாரும் உளர். மூன்று விடைகளும் தள்ளத்தக்கன அல்ல. ஆயினும் இவற்றுள் எதனையும் ஏற்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அச்செடி எந்த அட்சரேகையிலிருந்து வந்தது? எந்த அட்சரேகையில் வளர்கிறது? இக்கேள்வியைக் கேளாது விட்டமையால் தேர்ந்த ஆராய்ச்சியாளர் கண்ட முடிவுகளும் ஐயத்துக்கு இடமாயின. சதுப்பு நிலச் செடி ஒன்றின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செடியின் குலமும் குணமும்

அச்செடியின் பயிர்நூற் பெயர் லைத்ரம் சாலிகேரியா. ஆங்கிலேயர் அதனைப் பர்ப்பிள் லூஸ்ஸ்டிரைஃப் என்று அழைப்பர். நாம் சுருக்கமாக லைத்ரம் என்றே சொல்வோம். நம் ஊரில் இச்செடியைக் காண்பதற்கில்லை. ஆயினும் இதன் உறவினர் நமக்குப் புதியவர் அல்லர். நம் பெண்கள் கையில் இடும் மருதோன்றியும், மாதுளையும், மலேசியச் சாலையோரங்களில் ஊதாநிறப் பூச் சொரியும் பூங்கோர் மரமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

லைத்ரம் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் உரியது. ஆற்றங்கரை, குளக்கரை, சதுப்பு நிலம் ஆகியவை இதன் இருப்பிடம். ஆளுயரம் வளர்ந்து, தண்டின் நுனியில் ஊதா கலந்த செந்நிறப் பூக்களைக் கதிராகத் தாங்கி நிற்கும். குளிர்காலத்தில் மேற்பகுதி மடியும்; நிலத்தடியில் உள்ள அடித்தண்டு உயிரோடிருந்து அடுத்த ஆண்டு மீண்டும் தளிர்க்கும். நன்கு வளர்ந்த செடி ஒன்று ஓராண்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. விதைகளோ தூசியைப் போல் நுண்ணியவை. நீரோடும் சேற்றோடும் எளிதில் பயணம் செய்பவை.

இதன் பூக்களில் மூன்று வகை உண்டு. சூல்தண்டு நீண்டது ஒரு வகை. நடுத்தரமானது ஒரு வகை. குறுகியது ஒரு வகை. ஒரு செடியில் ஒரு வகைப் பூவே பூக்கும். ஒரு வகையின் மகரந்தம் மற்றொரு வகைப் பூவைச் சேர்ந்தால்தான் விதை நிறையப் பிடிக்கும். சார்லஸ் டார்வின் 1860களில் பொறுமையோடு மகரந்தம் மாற்றி மாற்றித் தூவி இதனை நிறுவினார். இதன் பயனாக ஒவ்வொரு விதையும் இரு வேறு பெற்றோரின் குணங்களைக் கலந்து பெறுகிறது. ஆகவே ஒரே குளக்கரையில் நிற்கும் லைத்ரம் செடிகளுள்ளும் முந்திப் பூப்பன, பிந்திப் பூப்பன எனப் பல தன்மை இருக்கும். இதனை வாசகர் நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

பகலின் அளவும் செடியின் கணக்கும்

கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 20 நிமிடமே. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறோம் அல்லவா? வடக்கே செல்லச் செல்ல இவ்வேறுபாடு பெருகும். ஸ்வீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோம் 59ஆம் பாகையில் உள்ளது. அங்கு ஜூன் மாதப் பகல் பதினெட்டரை மணி நேரம். டிசம்பர் மாதப் பகல் ஆறு மணி நேரம். வடக்கே கோடைப் பகல் நீண்டதாயினும் கோடைகாலம் குறுகியது. உறைபனி விரைந்து வந்து வளர்ச்சியை முடித்துவிடும்.

இந்நிலையில் செடி ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். லைத்ரத்தின் தண்டு பூக்கதிராக மாறியபின் இலையும் கிளையும் பெருகுவது குறைந்துவிடும். ஆகவே பிந்திப் பூக்கும் செடி நெடுநாள் வளர்ந்து பெரிதாகும். பெரிதாவதால் பூவும் விதையும் மிகும். முந்திப் பூக்கும் செடி சிறிதாகவே நின்றுவிடும். அப்படியாயின் எல்லாச் செடிகளும் பிந்திப் பூக்கலாமே எனின், அதற்குப் பனி இடந்தராது. விதை முற்றுமுன் பனி விழுந்தால் அவ்வாண்டின் உழைப்பெல்லாம் வீண்.

தேர்வு எழுதும் மாணவனை எண்ணிப் பாருங்கள். மூன்று மணி நேரம் உண்டெனில் விரிவாக எழுதுபவனே மிகுதியான மதிப்பெண் பெறுவான். ஒன்றரை மணியில் மணியடிக்கும் எனில், சுருக்கமாக எழுதி முடித்தவனே வெல்வான். விரிவாகத் தொடங்கியவன் பாதியில் விடைத்தாளைப் பறிகொடுப்பான். தெற்கில் மணி தாமதமாக அடிக்கிறது. வடக்கில் விரைவாக அடிக்கிறது. இதுவே அட்சரேகைக்கும் செடியின் உருவத்துக்கும் உள்ள தொடர்பு.

இது வெறும் ஊகம் அன்று. ஸ்வீடனில் தெற்கிலும் வடக்கிலும் வளர்ந்த லைத்ரம் செடிகளின் விதைகளை ஓரிடத்தில் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. ஒரே மண், ஒரே நீர், ஒரே வெயில். அவ்வாறிருந்தும் வடக்கத்திச் செடிகள் முந்திப் பூத்தன. தெற்கத்திச் செடிகள் பிந்திப் பூத்தன. எனவே இவ்வேறுபாடு இடத்தால் மட்டும் நேர்ந்ததன்று. விதையிலேயே ஊறிய பரம்பரைக் குணம் என்பது பெறப்பட்டது.

இம்முறைக்கு ஒரே பாத்தி முறை என்று பெயரிடலாம். தோட்டத்தில் வாழ்வோருக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு ரப்பர் இனங்களுள் எது சிறந்தது என்று அறிய விரும்புவோர் ஒன்றை மேட்டிலும் மற்றொன்றைப் பள்ளத்திலும் நட்டுப் பால் அளப்பதில்லை. ஒரே நிலத்தில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நட்டு அளப்பர். அப்பொழுதுதான் இனத்தின் குணம் வேறு, மண்ணின் குணம் வேறு என்று பிரித்தறிய முடியும்.

கடல் கடந்த செடி

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லைத்ரம் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கியது. கப்பல்கள் நிலைதவறாதிருக்க அடித்தளத்தில் ஏற்றிவந்த மண்ணோடும், ஆட்டு மயிரோடும் அதன் விதைகள் வந்திருக்கலாம் என்பர். அழகுக்காகத் தோட்டங்களில் நட்டவரும் உண்டு. தேனீ வளர்ப்போர் விரும்பி விதைத்ததும் உண்டு. நாளடைவில் அமெரிக்காவிலும் கனடாவிலும் எண்ணற்ற சதுப்பு நிலங்கள் ஊதா நிறமாயின. சம்பும் கோரையும் நின்ற இடங்களை லைத்ரம் பிடித்தது. மின்னசோட்டா மாநிலம் 1987இல் இதனைத் தீங்குவிளைக்கும் களை என்று அறிவித்தது.

ஐரோப்பாவில் பிற செடிகளோடு கலந்து வாழ்ந்த செடி அமெரிக்காவில் ஏன் ஆதிக்கம் செலுத்தியது? 1995இல் பெர்ண்டு பிளாசி, ரோல்ஃப் நோட்சோல்ட் என்னும் இருவர் ஒரு கருத்தை வெளியிட்டனர். பிறந்த நாட்டில் செடி தன்னைத் தின்னும் பூச்சிகளிடமிருந்து தற்காத்துக்கொள்ளப் பெரும் பொருளைச் செலவிடுகிறது. புகுந்த நாட்டில் அப்பூச்சிகள் இல்லை. தற்காப்புச் செலவு மிச்சமாகிறது. தலைமுறைகள் செல்லச் செல்ல, அம்மிச்சத்தை வளர்ச்சியில் இடும் செடிகளே பெருகும், இனமே வலுப்பெறும். இதுவே அவர்கள் கருத்து. சான்றாக அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து இத்தாக்காவிலிருந்து வந்த லைத்ரத்தையும், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த லைத்ரத்தையும் ஒரே நிலைமையில் வளர்த்தனர். அமெரிக்கச் செடியே பெரிதாக வளர்ந்தது.

இக்கருத்து அழகியது, பலரையும் ஈர்த்தது. பல நாடுகளில் பல செடிகளைக் கொண்டு இதே ஒப்பீடு செய்யப்பட்டது.

ஒப்பீட்டில் ஒரு குறை

இப்பொழுது நம் கேள்விக்கு வருவோம். சுவிட்சர்லாந்து ஏறத்தாழ 47ஆம் பாகையில் உள்ளது. இத்தாக்கா 42ஆம் பாகையில் உள்ளது. அதாவது அமெரிக்கச் செடி தெற்கத்திச் செடி. ஐரோப்பியச் செடி வடக்கத்திச் செடி. தெற்கத்திச் செடி பெரிதாக வளரும் என்பதை மேலே கண்டோம். ஐரோப்பாவுக்குள்ளேயே 47ஆம் பாகையிலிருந்து ஒன்றும் 42ஆம் பாகையிலிருந்து ஒன்றும் எடுத்து ஒப்பிட்டிருந்தாலும் வேறுபாடு தோன்றியிருக்கக் கூடும். அப்படியாயின், கண்ட வேறுபாட்டில் எவ்வளவு பங்கு குடிபெயர்ச்சிக்கு உரியது, எவ்வளவு பங்கு அட்சரேகைக்கு உரியது?

ஒரு பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவரையும் மற்றொரு பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவரையும் வரிசையில் நிறுத்தி உயரம் அளந்து, "இரண்டாம் பள்ளியின் உணவே சத்தானது" என்று முடிவு கூறினால் நாம் ஒப்புவோமா? அளந்தது பிழையன்று, வயதை விட்டுவிட்டதே பிழை.

ராபர்ட் கொலாட்டி, ஜான் மேரன், ஸ்பென்சர் பேரட் ஆகிய மூவர் 2009இல் இதனை முறையாக ஆராய்ந்தனர். 28 செடியினங்கள் பற்றி முன்னர் நடந்த 32 ஒரே பாத்தி ஆய்வுகளின் கணக்குகளை மீண்டும் போட்டனர். அட்சரேகையைக் கணக்கில் சேர்க்காதபொழுது, குடிபெயர்ந்த செடிகளே பொதுவாகப் பெரிதாயும் மிகுதியாக விதைப்பனவாயும் தோன்றின. அட்சரேகையைச் சேர்த்தவுடன் அவ்வேறுபாடு சுருங்கியது. உருவத்தைப் பொறுத்தவரை திசையே மாறியது. குடிபெயர்ந்த செடி வலுப்பதே இல்லை என்பது இதன் பொருள் அன்று. அட்சரேகையை நீக்கிப் பாராமல் அப்படிச் சொல்லுதல் கூடாது என்பதே இதன் பொருள்.

மூன்று தோட்டங்கள்

குறை கண்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கொலாட்டியும் பேரட்டும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தெற்கிலிருந்து வடக்குவரை பல இடங்களில் லைத்ரம் விதைகளைத் திரட்டி, அவற்றை மூன்று தோட்டங்களில் வளர்த்தனர். ஒன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில். ஒன்று கனடாவின் தென் ஒன்டாரியோவில். ஒன்று வட ஒன்டாரியோவின் டிம்மின்ஸ் நகரருகே. இவற்றுள் தென்கோடிக்கும் வடகோடிக்கும் இடையே ஏறத்தாழ 9 பாகை வேறுபாடு. முடிவை 2013இல் வெளியிட்டனர்.

அம்முடிவு எண்ணிப் பார்க்கத்தக்கது. வடக்கத்தி விதையிலிருந்து வந்த செடிகள் முந்திப் பூத்துச் சிறிதாகவே நின்றன. வடக்குத் தோட்டத்தில் அவையே மிகுந்த பலன் தந்தன. பிந்திப் பூத்தவை பனிக்கு முன் விதைக்க இயலாமல் பின்தங்கின. தெற்குத் தோட்டத்தில் நிலைமை தலைகீழாயிற்று. அங்கு முந்திப் பூக்கும் இயல்பு செடியின் பலனை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. பகைப்பூச்சி இல்லாமையாலும், வலுத்ததாகச் சொல்லப்பட்ட வளர்ச்சியாலும் கிடைத்த நன்மைக்கு ஈடாகவோ அதனினும் மிகுதியாகவோ, தக்க காலத்தில் பூத்தல் வடக்கில் நன்மை தந்தது என்பது அவர்கள் கண்ட கணக்கு.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கடல் கடந்த லைத்ரம் இரண்டே நூற்றாண்டுக்குள் அட்சரேகைப் பாடத்தை மீண்டும் கற்றுக்கொண்டது. ஐரோப்பாவில் நெடுங்காலமாக அமைந்த தெற்கு வடக்கு வரிசை, அமெரிக்காவில் புதிதாக அமைந்துவிட்டது. மகரந்தக் கலப்பினால் விதைதோறும் வேறுபாடு இருந்தமையால், ஒவ்வோர் இடத்திலும் அவ்விடத்துக்குத் தக்கவை நிலைத்தன, தகாதவை மறைந்தன. இன்னும் ஒன்று: பரவிச் செல்லும் செடி என்றால் பூதாகாரமாய் வளர்ந்து செல்வது என்று நினைக்கிறோம். வடக்கை வென்ற லைத்ரமோ குறுகியே வென்றது.

எல்லாச் செடிக்கும் ஒரே வழியா?

ஒரு செடியின் வரலாற்றை எல்லாச் செடிக்கும் பொதுவாக்குதல் தகாது. சீனக் கடற்கரையின் கதை வேறு. கரையை அலை அரிக்காதிருக்க 1979இல் அமெரிக்காவிலிருந்து ஸ்பார்ட்டினா என்னும் உவர்ச் சதுப்புப் புல்லைச் சீனர் கொண்டுவந்தனர். அது வெப்பமான தெற்கிலிருந்து குளிர்ந்த வடக்குவரை பரவிவிட்டது. நடு அட்சரேகைகளிலேயே அப்புல் மிக உயரமாய் நின்றது. பல இடத்து ஸ்பார்ட்டினாவை ஒரே பாத்தியில் வளர்த்தபொழுது உயர வேறுபாடு மறைந்துவிட்டது. விதை பிடிக்கும் அளவில் கண்ட வேறுபாடோ மறையவில்லை. உயரத்தைத் தந்தது இடம். விதைப்பெருக்கத்தைத் தந்தது பரம்பரை. ஒரே செடியில் ஒரு குணம் இடத்தைச் சார்ந்தும் மற்றொரு குணம் விதையைச் சார்ந்தும் இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் குளங்களிலும் கைவிடப்பட்ட ஈயக் குட்டைகளிலும் மிதக்கும் ஆகாயத்தாமரையைப் பாருங்கள். மலாய்க்காரர் இதனைக் கெலாடி புந்திங் என்பர். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடிக்கும் லைத்ரம்போல் மூவகைப் பூ உண்டு. ஆயினும் பிறந்த கண்டத்துக்கு வெளியே பெரும்பாலும் நடுத்தரச் சூல்தண்டு வகை ஒன்றையே காணலாம். மேலே சொன்ன பேரட் இச்செடியையும் நெடுநாள் ஆராய்ந்தவர். 2010இல் அவரும் பிறரும் வெளியிட்ட ஆய்வின்படி, உலகெங்கும் பரவிய ஆகாயத்தாமரை பெரும்பாலும் ஒரே செடியின் கிளைப்பெருக்கம். ஓடுதண்டு விட்டு, கன்றிலிருந்து கன்றாய்ப் பிரிந்து பெருகுகிறது. இரவும் பகலும் சமமாய், பனியே இல்லாத நம் நாட்டில் அதற்குப் பூக்கும் காலம் பார்க்கவேண்டிய தேவையும் இல்லை. லைத்ரம் மாறி மாறிப் பரவியது. ஆகாயத்தாமரை மாறாமலே பரவியது.

வண்டும் நாள் பார்க்கும்

இவ்வாராய்ச்சியால் நடைமுறைப் பயன் உண்டா எனின், உண்டு. லைத்ரத்தை அடக்க அதன் பிறந்த நாட்டு இலைவண்டுகளைத் தேர்ந்து, வேறு செடிகளைக் கெடுக்குமா என்று சோதித்தபின், 1992இல் வட அமெரிக்காவில் விட்டனர். பல இடங்களில் அவை நன்கு வேலை செய்தன. அவ்வண்டுகளுக்கும் பகலின் அளவே நாட்காட்டி. பகல் குறுகியதும் இனப்பெருக்கத்தை நிறுத்தி உறங்கச் சென்றுவிடும். ஜெர்மனியின் பகலுக்குப் பழகிய வண்டு தெற்கு அட்சரேகையில் விடப்பட்டால், அங்குக் கோடைப் பகல் குறுகியதாக இருத்தலின், வெப்பம் இருக்கும்பொழுதே உறங்கப் போய்விடக் கூடும். மேற்கு அமெரிக்காவில் 39ஆம் பாகைமுதல் 48ஆம் பாகைவரை பிடித்த வண்டுகளை ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வந்தது. உறக்கத்தைத் தூண்டும் பகலளவு இடத்துக்கு இடம் வேறுபட்டது. தெற்கத்தி வண்டுகளில் அது பொதுவாகக் குறைந்திருந்தது. செடி கற்ற பாடத்தை வண்டும் கற்கிறது. எனவே களையை ஒழிக்க உதவியாளை வரவழைப்போர், செடியின் அட்சரேகையோடு வண்டின் அட்சரேகையையும் கேட்டல் வேண்டும். கேளாவிடின் பொருளும் காலமும் விரயமாகும்.

வகுப்பறைக்கு

இடத்தின் குணம், விதையின் குணம் என்னும் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டது, கையால் செய்ததைப் பிள்ளைகள் மறப்பதில்லை என்பதே. ஒரே கங்கோங் கீரைச் செடியிலிருந்து துண்டுகள் வெட்டி, சிலவற்றைச் சேற்றுப் பாத்தியிலும் சிலவற்றை உலர்ந்த பாத்தியிலும் நடச் செய்யுங்கள். தோன்றும் வேறுபாடு இடத்தின் செயல். பின்னர் இரண்டு வேறு கங்கோங் விதைகளை வாங்கி ஒரே பாத்தியில் விதைக்கச் செய்யுங்கள். தோன்றும் வேறுபாடு விதையின் செயல். மூன்று வாரத்தில் இரு பாடமும் முடிந்துவிடும். அளந்து எழுதும் பழக்கமும் கூடவே வரும்.

அதே வேளையில் இன்னொரு செய்தியையும் சொல்லுங்கள். நாம் சந்தையில் வாங்கிச் சமைக்கும் இக்கங்கோங், அமெரிக்க மத்திய அரசின் தீய களைகள் பட்டியலில் இடம்பெற்றது. இங்குக் கறி, அங்குக் களை. களை என்பது ஒரு செடியின் பிறவிக் குணம் அன்று. செடியும், அதன் பரம்பரையும், அது நிற்கும் நிலமும், அந்நிலத்தின் பகலும் பனியும் கூடி விளைவது. இவற்றுள் ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எளிது. எல்லாவற்றையும் அளந்து சொல்வதே அறிவியல். அளக்குமுன் "எவ்விடத்தது?" என்று கேட்கும் பழக்கத்தை நம் மாணவர்க்கு ஊட்டுவோமாக.